போகியில் எரிந்த பொட்டலமும் வராத கார்டிசாலும்

தை மூன்றாம் தேதி எங்கள் அவசரப் பிரிவில் யாரும் லீவு கேட்பதில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டு அன்றைக்குத்தான். மதியம் தாண்டிவிட்டால் ஆம்புலன்ஸ் சத்தம் இரவு வரை ஓயாது. மாடு பிடிக்க இறங்கியவர்களும் வருவார்கள், பொட்டலில் சும்மா வேடிக்கை பார்த்து நின்றவர்களும் வருவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலையில் அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் 23 வயது இளைஞர். மாடு முட்டித் தொடை கிழிந்து, இடது முன்கை எலும்பும் முறிந்திருந்தது. இன்னொருவர் காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்து ஆச்சி, வயது 64. அவரை எந்த மாடும் முட்டவில்லை. அன்றிரவு பிழைப்பாரா என்று எங்களைத் தவிக்க வைத்தவர் அவர்தான்.

இந்த நிகழ்வு ஆச்சியுடையது. இளைஞரின் கேஸ் ஷீட்டில் தையலும் மாவுக்கட்டும் தவிர எழுத ஒன்றுமில்லை. ஆனாலும் இருவரையும் சேர்த்தே எழுதுகிறேன். அட்ரினல் என்ற சுரப்பி வேலை செய்தால் எப்படி, செய்யாவிட்டால் எப்படி என்று ஒரே அறையில் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். ஆச்சி யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

ஆச்சியின் பிள்ளைகள் சென்னையில். வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் அவரும், சமையலுக்கும் துணைக்குமாக ஓர் அம்மாவும் மட்டும்தான். பொங்கலுக்கு மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று மகனுக்கும் ஆச்சிக்கும் வயிற்றுப்போக்கு. மகனுக்கு ஒரே நாளில் நின்றுவிட்டது. ஆச்சிக்கு வாந்தியும் சேர்ந்துகொண்டது, காய்ச்சல் வந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. பக்கத்துக் கிளினிக் ஒன்றில் ஒரு பாட்டில் ட்ரிப்பும் வாந்திக்கு ஓர் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் மதியத்துக்கு மேல் பேச்சுக் குழறியது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து மூடினார். காரில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள்.

மாலை 6.40 மணி. ரத்த அழுத்தம் 70/40. நாடி 118. காய்ச்சல் 101 டிகிரி. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 54. ஆச்சிக்குச் சர்க்கரை நோய் கிடையாது.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்டேன்.

"பிரஷருக்கு ஒண்ணு. வேற எதுவும் இல்லை டாக்டர்" என்றார் மகன்.

என் கேள்வியிலும் தப்பில்லை, அவர் பதிலிலும் தப்பில்லை. ஆனால் அதிலேயே ஆறு மணி நேரம் போயிற்று.

சோடியம் 122, பொட்டாசியம் 4.1, கிரியாட்டினின் 1.6. வெள்ளணுக்கள் 11,400, அதில் ஈசினோஃபில் 8 சதவீதம். ஈ.சி.ஜி.யில் கோளாறு இல்லை. வயிற்றுப்போக்கால் நீர் வற்றியிருக்கிறது, அதோடு கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் சரிகிற அதிர்ச்சி நிலை என்று எழுதினேன். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். சலைன் இரண்டரை லிட்டர் உள்ளே போயிற்று. ஆன்டிபயாடிக் தொடங்கினோம். அழுத்தம் 80-ஐத் தாண்டவில்லை. அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ட்ரிப் வைத்து, அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். 84/50. அவ்வளவுதான். பத்து மணிக்குச் சர்க்கரை மறுபடியும் 61-க்கு இறங்கியிருந்தது.

நள்ளிரவு

பன்னிரண்டு மணி சுமாருக்கு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ஊசியை மாற்றுவதற்காகப் பழைய பிளாஸ்டரை எடுத்திருக்கிறார். தோலும் கூடவே உரிந்து வந்துவிட்டது. வெங்காயச் சருகு மாதிரி இருந்தது அந்தத் தோல். அப்போதுதான் போர்வையை விலக்கி ஆச்சியை ஒழுங்காகப் பார்த்தேன். முகம் நிலா மாதிரி உருண்டை. கையும் காலும் குச்சி. பிடரியில் ஒரு திரட்டுக் கொழுப்பு. முன்கைகளில், இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லாமல் வருகிற ஊதாக் கன்றல்கள். வந்தபோதே இவ்வளவும் இருந்தது. பிரஷர் மானிட்டரைப் பார்த்த நான் ஆளைப் பார்க்கவில்லை.

வெளியே போய், "ஆச்சி இதுவரை சாப்பிட்டு, சமீபத்தில் நிறுத்திய மருந்து ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். மகன் இல்லை என்று தலையாட்டினார். சுவரோரமாக நின்ற சமையல்கார அம்மா வாய் திறந்தார்.

"ஆச்சி காலையில காப்பி குடிக்காமக்கூட இருப்பாக. பொட்டலம் போடாம இருக்க மாட்டாக. நாலு நாளா அது இல்லையே."

"என்ன பொட்டலம்?"

"முட்டிவலிக்கு. வெத்தலப் பெட்டியில வச்சிருப்பாக. போகியன்னைக்குக் கொளுத்திட்டாகள்ல."

எங்கள் பக்கம் போகிக்குக் கொளுத்துகிற பழக்கம் அவ்வளவாகக் கிடையாது. வெள்ளையடித்துப் பெருக்கித் துடைப்பதோடு சரி. இது சென்னைப் பழக்கம். மருமகள் பழைய துணி, கிழிந்த பாய், பேப்பர் எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தியபோது, பேரும் ஊரும் இல்லாத அந்தப் பொடிப் பொட்டலங்களையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். "என்ன ஏதுன்னு தெரியாத மருந்தைச் சாப்பிடாதீங்கன்னு அத்தைகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன் டாக்டர்" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் செய்தது நல்ல எண்ணத்தில் செய்தது, பொட்டலம் நிற்க வேண்டியதும்தான் என்றேன். ஒரே நாளில் நிறுத்தியதில்தான் வினை.

சந்தையில் கடை போடும் ஒருவரிடம் மாதத்துக்கு இவ்வளவு என்று மூன்று ஆண்டுகளாக வாங்கி வந்திருக்கிறார் ஆச்சி. மூலிகைப் பொடி என்றுதான் விற்பனை. இப்படி வலியை மந்திரம் போட்டதுபோல நிறுத்துகிற பொடிகளில் வழக்கமாகக் கலப்பது டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு. உருண்டை முகமும் உரிகிற தோலும் அது நெடுநாள் உள்ளே போனதன் அடையாளங்கள்.

உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் எவ்வளவு என்று பார்க்க ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் 12.50-க்கு கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில் போட்டேன். அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50. மூன்று மணிக்கு அழுத்தம் 104/64. காலை எட்டுக்குள் நார்அட்ரினலினை முழுக்க நிறுத்த முடிந்தது. ஒன்பது மணிக்கு ஆச்சி, யார் என்னவென்று எல்லோரையும் அடையாளம் கண்டு, காப்பி கேட்டார்.

மறுநாள் வந்த தாளில் கார்டிசால் 1.4 மைக்ரோகிராம். ரத்த அழுத்தம் 70-க்கு இறங்கிக் கிடக்கும் ஒருவருக்கு அது 18, 20-க்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஆரோக்கியமான ஆள் சும்மா எழுந்து உட்கார்ந்திருக்கும் காலை நேரத்திலேயே 5-க்குக் குறையாது.

மாடு திரும்பியபோது

பக்கத்துக் கட்டில் தம்பிக்கு வருவோம். மாடு திரும்பி நேரே வந்ததும் என்ன நடந்தது என்று கேட்டேன். "சத்தமே கேக்கல சார். ஓடினேன், விழுந்தேன், எந்திரிச்சு மறுபடி ஓடினேன். கை ஒடைஞ்சதே மரத்தடியில உக்காந்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு" என்றார். எங்களிடம் வந்தபோது அவருடைய அழுத்தம் 150/90, நாடி 126, சர்க்கரை 168. உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது.

அவர் உடம்பில் இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. இரண்டுக்கும் தலைவாசல் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ். இரண்டும் போய்ச் சேரும் இடமும் ஒன்றே: சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடைதான்.

முதல் வழி நரம்பு வழி. ஹைப்போதலாமஸின் கட்டளை தண்டுவடத்தில் இறங்கி, ஸ்பிளாங்க்னிக் நரம்பு வழியாக அட்ரினலின் நடுப்பகுதியான மெடுலாவுக்குப் போகிறது. மற்ற உறுப்புகளுக்குப் போகும் சிம்பதெட்டிக் நரம்புகள் நடுவில் ஒரு முடிச்சில் வண்டி மாறிப் போகும். மெடுலாவுக்கு அந்த மாற்றமில்லை, நேர் வண்டி. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் கசிந்ததும் அங்குள்ள குரோமாஃபின் செல்களுக்குள் கால்சியம் பாய்கிறது. ஏற்கெனவே செய்து குட்டிக் குட்டிப் பைகளில் அடைத்து வைத்திருந்த சரக்கு ரத்தத்தில் கொட்டுகிறது. சுமார் 80 சதவீதம் அட்ரினலின், மிச்சம் பெரும்பாலும் நார்அட்ரினலின். விநாடிக் கணக்கில் முடிகிற வேலை. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சுக்குழல் விரிகிறது, தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் குறைந்து கால் தசைகளுக்குத் திரும்புகிறது, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை அவிழ்த்து விடுகிறது. ஓடுவதற்கு வேண்டியதெல்லாம் இதுதான். ஆனால் கொட்டிய அட்ரினலினின் பாதி இரண்டு மூன்று நிமிடத்திலேயே ரத்தத்திலிருந்து மறைந்துவிடும்.

இரண்டாவது வழி மெதுவானது. ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களில் விடுகிறது. அது ஒரு முழம்கூடப் போக வேண்டியதில்லை, அடியிலேயே பிட்யூட்டரி. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைப் பொது ரத்த ஓட்டத்தில் விடுகிறது. அது அட்ரினலின் மேலுறையான கார்டெக்ஸின் நடு அடுக்கைத் தட்டி எழுப்புகிறது. அந்தச் செல்களில் கார்டிசால் தயாராக இருக்காது. அங்கே இருப்பது மூலப்பொருளான கொலஸ்ட்ரால்தான். அதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுத்துப்போட்டு, நொதி நொதியாகச் செதுக்கிக் கார்டிசால் ஆக்கி, ஆக்கியதை அப்படியே ரத்தத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் அளவு உச்சிக்குப் போக இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், அட்ரினலின் டின்னில் போட்டு வைத்த மணகோலம். விருந்தாளி திண்ணை ஏறும்போதே தட்டில் வந்துவிடும். கார்டிசால் வெள்ளைப் பணியாரம். ஆள் வந்த பிறகுதான் சட்டியில் எண்ணெய் காயும். ஆனால் வந்தவர் பசியாறுவது அதில்தான்.

இந்த இரண்டும் தனித்தனிக் கடை என்று பாடப்புத்தகம் படித்த காலத்தில் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கார்டெக்ஸிலிருந்து வடிகிற ரத்தம் மெடுலா வழியாகப் போகிறது. அதில் நிறைந்திருக்கும் கார்டிசால்தான், நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் நொதியை மெடுலாவில் வளர்த்து வைக்கிறது. பணியாரக்காரர் வேலையை விட்டால் கொஞ்ச நாளில் மணகோல டின்னும் காலியாகத் தொடங்கும். அது மட்டுமல்ல. அட்ரினலினும் நார்அட்ரினலினும் சொல்வதை ரத்தக் குழாய்கள் காது கொடுத்துக் கேட்பதற்கே கார்டிசால் வேண்டும். ஆச்சிக்கு நார்அட்ரினலினை ஏற்றிக்கொண்டே போனோம், அழுத்தம் அசையவில்லை. அதற்குக் காரணம் இது. கத்துகிற ஆளைக் கூட்டிக்கொண்டே போனோம். கேட்கிற காது அங்கே இல்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரெஸ் என்றதும் தமிழில் 'மன அழுத்தம்' என்று எழுதிவிடுகிறோம். கார்டிசாலுக்கு 'மன அழுத்த ஹார்மோன்' என்று பேர் வைத்து, அதைக் குறைக்க டீ, பொடி, மூச்சுப்பயிற்சி எல்லாம் விற்கிறார்கள். 1936-இல் ஹான்ஸ் செல்யே எலிகளை வைத்து இந்தக் கருத்தைத் தொடங்கியபோது அவற்றுக்குக் கவலை எதுவும் கொடுக்கவில்லை. குளிர், காயம், அளவுக்கு மீறிய ஓட்டம், நஞ்சு, இவற்றைத்தான் கொடுத்தார். எதைக் கொடுத்தாலும் அட்ரினல் பெருத்தது. அட்ரினலுக்கு மாடும் ஒன்றுதான், வாந்தியும் ஒன்றுதான், வங்கிக் கடிதமும் ஒன்றுதான். ஆச்சியின் மனதில் அன்றைக்கு ஒரு அழுத்தமும் இல்லை. பிள்ளை வந்திருக்கிறான், செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை போகலாம் என்று சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார். அழுத்தம் உடம்புக்கு வந்தது. அதைத் தாங்க வேண்டிய ஹார்மோன் வரவில்லை.

ஏன் வரவில்லை

கார்டிசால் போதுமான அளவு வந்ததும் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் தாமாகவே கையைச் சுருக்கிக்கொள்ளும். காலையில் விழிக்கும் நேரத்தில் அளவு உச்சத்துக்கு ஏறி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். நாள் முழுக்க உடம்பு செய்வது ஏறக்குறைய 15, 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைக்குச் சமம். பெரிய காயம், பெரிய அறுவை சிகிச்சை என்றால் அது பல மடங்கு ஏறும்.

டெக்ஸாமெத்தசோன் அரை மில்லிகிராம் என்பது சின்ன மாத்திரைதான். வீரியத்தில் அது 13 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனுக்குக் கிட்டத்தட்டச் சமம். அதுவும் ஒரு தடவை உள்ளே போனால் அதன் வேலை ஒன்றரை முதல் இரண்டு நாள் வரை நீளும். தினமும் அது வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் மூளை என்ன நினைக்கும்? சரக்கு தாராளமாக இருக்கிறது, நாம் எதற்குக் கேட்க வேண்டும்? சி.ஆர்.எச். நிற்கும், ஏ.சி.டி.எச். நிற்கும். தட்டி எழுப்ப ஆளில்லாத கார்டெக்ஸ் சுருங்கிப்போகும். மூன்று நான்கு வாரத்திலேயே இது தொடங்கிவிடலாம். ஆச்சிக்கு மூன்று ஆண்டு.

செட்டிநாட்டுப் பூட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாட்ச்மேன் தினமும் முகப்பைப் பெருக்கி விளக்கேற்றுவார், வெளியிலிருந்து பார்த்தால் குறை தெரியாது. ஒரு கல்யாணத்துக்கென்று திடீரெனத் திறந்து ஐந்நூறு பேருக்குச் சமைக்கப் போனால்தான் கிணற்று மோட்டார் ஓடாது, புகைக்கூண்டில் குருவிக்கூடு, அடுப்பில் கரையான் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். போகியன்று ஆச்சியின் வீட்டுக்கு வெளிச் சாப்பாடு நின்றது. மூன்றாம் நாள் கல்யாணக் கூட்டம் வந்து இறங்கிவிட்டது.

தேதியும் ஒத்துப்போகிறது. போகிக்கு முந்தின நாள் காலை கடைசிப் பொட்டலம். அதன் வீரியம் பொங்கலன்று வரை ஓடியிருக்கும். மாட்டுப் பொங்கலன்று வயிறு கெட்டது. ஒரே சாப்பாடு, ஒரே கிருமி என்றுதான் நினைக்கிறேன். மகன் ஒரு நாளில் தேறினார், தாய் படுத்துவிட்டார். கார்டிசால் இல்லாமல் போனாலே வாந்தியும் வயிற்று வலியும் காய்ச்சலும் வரும் என்பதால், ஆச்சியின் வாந்தியில் எவ்வளவு கிருமியுடையது, எவ்வளவு அட்ரினலுடையது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டிருக்கும்.

பொட்டாசியம் 4.1 என்று சாதாரணமாக இருந்ததற்கும் ஒரு கணக்கு உண்டு. 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்த நோயில் அட்ரினல் கார்டெக்ஸே அழிந்துபோகும். அதனால் அதன் வெளியடுக்கில் செய்யப்படும், பொட்டாசியத்தை வெளியேற்றும் ஹார்மோனான ஆல்டோஸ்டீரோனும் போய்விடும், பொட்டாசியம் ஏறும், ஏ.சி.டி.எச். கட்டுக்கடங்காமல் ஏறித் தோல் கறுக்கும். ஆச்சிக்கு அழிவு இல்லை, உறக்கம்தான். ஆல்டோஸ்டீரோனைப் பார்த்துக்கொள்வது சிறுநீரகத்தின் ரெனின் ஏற்பாடு. அது தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சோடியம் 122-க்கு இறங்கியதோ வேறு காரணத்தால். கார்டிசால் இல்லாதபோது தண்ணீரைப் பிடித்து வைக்கும் வாசோபிரெசினுக்குக் கடிவாளம் இல்லை. உடம்பு தண்ணீரை விட மறுத்து, இருக்கிற உப்பு நீர்த்துப் போகிறது.

மருத்துவ உலகத்துக்கு இது புதுச் செய்தியும் கிடையாது. 1948-இல் பிலிப் ஹென்ச் மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட, அவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. 1952-லேயே மறுபக்கம் தெரிந்துவிட்டது. மூட்டுவாதத்துக்கு மாதக்கணக்கில் கார்டிசோன் எடுத்த ஒருவர் இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதிர்ச்சி நிலையிலிருந்து மீளாமல் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய அட்ரினல்கள் சுருங்கிக் கிடந்தன. அது முடிந்து இத்தனை வருடம் ஆன பிறகு, அதே மூட்டு வலி, அதே மருந்து, சந்தையில் பொட்டலமாக.

நான் தவறவிட்டது

ஆளைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்ததை முன்பே சொல்லிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. அன்று இரவு எட்டு மணிக்கே என் மேசையில் இரண்டு ரத்தத் தாள்கள் கிடந்தன. மாடு முட்டிய தம்பியின் தாளில் ஈசினோஃபில் 0. ஆச்சியின் தாளில் 8.

உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது ஏறுகிற கார்டிசால், ஈசினோஃபில் அணுக்களை ரத்தத்திலிருந்து விரட்டிவிடும். சில மணி நேரத்தில் எண்ணிக்கை ஏறக்குறைய இல்லாமல் போகும். கார்டிசாலை நேரடியாக அளக்க வசதியில்லாத காலத்தில் ஜார்ஜ் தார்ன் இதையே ஒரு பரிசோதனையாக வைத்திருந்தார்: ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, ஈசினோஃபில் குறைகிறதா என்று எண்ணிப் பார்ப்பது. குறையாவிட்டால் அட்ரினல் தூங்குகிறது. அதாவது, 70/40 அழுத்தத்தோடு கிடக்கும் ஒருவருக்கு 8 சதவீதம் ஈசினோஃபில் இருக்கவே கூடாது. இருந்தால், கார்டிசால் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் குடற்புழு, ஆஸ்துமா, அலர்ஜி என்று ஈசினோஃபில் கூடுதலாக உள்ளவர்கள் நிறையப் பேர். பார்த்துப் பார்த்துப் பழகியதில் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சர்க்கரை 54, சலைனுக்கும் நார்அட்ரினலினுக்கும் அசையாத அழுத்தம், சோடியம் 122, ஈசினோஃபில் 8. நான்கையும் ஒரே வரியில் எழுதியிருந்தால் ஒன்பது மணிக்கே ஹைட்ரோகார்டிசோன் போயிருக்கும். பிளாஸ்டரோடு உரிந்த தோல்தான் வேலையைச் செய்தது.

பிறகு

ஐந்து நாள் இருந்தார். ஸ்டீராய்டு தொடங்கிய பின் சோடியம் தானாகவே ஏறத் தொடங்கும். வேகமாக ஏறினால் மூளைக்கு ஆபத்து என்பதால் ஆறு மணிக்கொருமுறை பார்த்தோம். முதல் நாள் முடிவில் 129, மூன்றாம் நாள் 134. வீட்டுக்குப் போகும்போது ஹைட்ரோகார்டிசோன் காலையில் 10, மதியம் 5, மாலையில் 5 மில்லிகிராம். உடம்பின் இயற்கையான ஏற்ற இறக்கத்தை ஒட்டி, இரவில் கிடையாது.

மருமகளிடமும் சமையல்கார அம்மாவிடமும் தனியாக உட்கார்ந்து சொன்னேன். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே இரட்டிப்பு மாத்திரை. வாந்தியெடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசி, ஊசி போட ஆளில்லாவிட்டால் நேரே ஆஸ்பத்திரி. எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதலில் காட்ட வேண்டிய அட்டை ஒன்று எழுதிக் கொடுத்தேன். சமையல்கார அம்மா அதை வாங்கி ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியில் வைத்தார். பொட்டலம் இருந்த அதே அறையில்.

ஆச்சிக்கு என் மேல் கோபம்தான். முழங்கால் தேய்மானத்துக்கு நான் கொடுத்தது பாரசிட்டமாலும், உட்கார்ந்து செய்யும் தொடைப் பயிற்சியும். "வலிக்காத மருந்தை நிப்பாட்டிட்டு வலிக்கிற மருந்தைக் குடுத்திருக்கீக" என்று இரண்டாவது தடவை வந்தபோது முகத்துக்கு நேரே சொன்னார். அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியவில்லை. பொட்டலம் சாப்பிட்ட காலத்தில் பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போய் வந்தவர். இப்போது மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். அவர் சந்தைக்குப் போய்விடுவாரோ என்று சில மாதம் எனக்குப் பயம் இருந்தது. சமையல்கார அம்மாதான் காவல்.

ஐந்தாம் மாதம், அன்றைய மாத்திரையைப் போடாமல் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் 6.8. ஏ.சி.டி.எச். ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 13. விழித்துக்கொண்டிருக்கிறது, எழுந்து உட்காரவில்லை. மாத்திரையைக் காலை 10, மதியம் 5 என்று குறைத்தேன். நடுவில் ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்தது. சொல்லியபடி இரட்டிப்பு போட்டு, இரண்டு நாளில் தேறி, அப்புறம்தான் எனக்குப் போன் பண்ணினார்கள்.

பதினோராம் மாதம், மார்கழியில், காலைக் கார்டிசால் 12.4, ஊசிக்குப் பிறகு 19.6. முகத்தின் உருண்டை போய், கன்னத்தில் எலும்பு தெரிந்தது. இனி தினசரி மாத்திரை வேண்டாம் என்றேன்.

"அப்ப இந்தப் போகிக்கு இதையும் கொளுத்திரலாமா?" என்று கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். ஆச்சிக்கு அவ்வளவு சிரிப்பு.

மாத்திரையும் ஊசி மருந்தும் இன்னும் ஓராண்டு வீட்டில் இருக்கட்டும், காய்ச்சல் வந்தால் தேவைப்படும் என்று சொல்லி, வாங்கி மருமகள் கையில் கொடுத்தேன்.